சுருட்டுப் பெட்டியும் மூன்று தந்தியும்

சுருட்டு தீர்ந்துபோன மரப்பெட்டி, நடுவே ஒரு சட்டம், மேலே மூன்று தந்தி. அமெரிக்காவில் இதை சிகார் பாக்ஸ் கிதார் என்கிறார்கள். யூடியூபில் யாரோ வாசிப்பதைப் பார்த்துவிட்டு, "நானும் ஒன்று செய்யலாமென்று இருக்கிறேன்" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பெட்டியைப் பற்றிப் பேசுவதில்லை. மனதில் இருக்கும் நம்பிக்கைகளைத்தான் விசாரிப்பேன். அவற்றில் பாதி வேலையைக் கெடுக்கும். மீதி, வேலையைத் தொடங்கவே விடாது.

நம்பிக்கை: காசில்லாதவர்கள் வேறு வழியில்லாமல் செய்துகொண்ட வாத்தியம் இது.

பாதி உண்மை. ப்ளூஸ் பாடகர்கள் லைட்னின் ஹாப்கின்ஸ், பிக் பில் ப்ரூன்ஸி போன்றவர்கள் சிறுவயதில் சுருட்டுப் பெட்டியில் தந்தி கட்டிப் பழகியவர்கள்தான். ஆனால் வறுமை மட்டும் வாத்தியம் செய்துவிடாது, பெட்டி வேண்டுமே? அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தது வரிச்சட்டம். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரின் செலவுக்காக அமெரிக்க அரசு சுருட்டுக்கு வரி போட்டது. யாரும் ஏய்க்காமலிருக்க, குறித்த எண்ணிக்கையில் பெட்டியில் அடைத்து, வரி வில்லை ஒட்டித்தான் விற்க வேண்டும் என்று விதித்தது. காலிப் பெட்டியில் மறுபடி சுருட்டு அடைத்தால் குற்றம்; அந்த எச்சரிக்கையும் பெட்டியிலேயே ஒட்டப்பட்டிருக்கும். ஆக, நல்ல மரத்தில் நறுவிசாகச் செய்த பெட்டி, கடைக்காரருக்குக் குப்பை. கேட்ட பையனுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவார்.

எட்வின் ஃபோர்ப்ஸ் என்ற ஓவியர் அந்தப் போரின் முனையில் இருந்து வரைந்தவர். 1876இல் வெளியான அவருடைய செதுக்கோவியம் ஒன்றில், முகாமில் ஒரு சிப்பாய் சுருட்டுப் பெட்டி பிடில் வாசிக்கிறார். அடுத்த பத்தாண்டிலேயே டேனியல் கார்ட்டர் பியர்ட், சுருட்டுப் பெட்டியில் பாஞ்சோ செய்யும் விதத்தைப் படம் போட்டுச் சிறுவர்களுக்கு எழுதிவிட்டார். பின்னாளில் அமெரிக்கச் சாரணர் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் இவர். புத்தகமும் பத்திரிகையும் வாங்க முடிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கான செய்முறை அது. ஏழையின் கண்ணீரிலிருந்து பிறந்த நாதம் என்று உருகுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லலாம்.

நம்பிக்கை: உயர்ந்த மரம் இல்லாமல் நல்ல நாதம் வராது.

தஞ்சாவூர் வீணைக்குப் பலாமரம் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது வேதவாக்கு. ஸ்பெயினில் 1862இல் ஒரு கைவினைஞர் இதைச் சோதித்தே பார்த்தார். இன்றைய கிதாருக்கு உருவம் கொடுத்த அந்தோனியோ தெ தோர்ரெஸ்தான் அவர். முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்து, மேல்பலகைக்கு மட்டும் மெல்லிய ஸ்ப்ரூஸ் மரத்தை வைத்து ஒரு கிதார் கட்டினார். நாதத்தில் பெரும்பங்கு மேல்பலகையுடையது என்று காட்டுவதே நோக்கம். அந்த அட்டைக் கிதார் பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தந்தி தானாக அசைக்கும் காற்று மிகக் கொஞ்சம். அந்த அதிர்வு, தந்தியைத் தாங்கும் குதிரை வழியாக மூடிக்கு இறங்கி, மூடி துடித்தால்தான் காது நிறையும். எனவே பெட்டி வாங்கும்போது மூடியைத் தட்டிப் பாருங்கள். மூன்று மில்லிமீட்டர் கனத்தில் மொடமொடவென்று இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். விரலுக்கு 'தொப்' என்று பதில் சொல்லும் தடித்த பலகை நகை வைக்கத்தான் லாயக்கு.

இன்னொன்று. சுருட்டுப் பெட்டிக்குப் பேர்போன மரத்தை ஸ்பானிஷ் சிடார் என்பார்கள். அது ஸ்பெயினில் விளைவதுமில்லை, சிடாரும் இல்லை. அமெரிக்க வெப்பமண்டலத்து மரம். மகோகனிக்கும் நம் வேம்புக்கும் இதற்கும் ஒரே குடும்பம். அசல் ஸ்பானிஷ் கிதார்களின் தண்டிக்கே இந்த மரத்தைப் போடுகிறார்கள் என்பதால், சுருட்டுப் பெட்டியை மட்டமான மரம் என்று ஒதுக்குவதும் தப்பு.

நம்பிக்கை: பெட்டியின் ஓரத்தில் சட்டத்தை ஒட்டித் தந்தியை முறுக்கினால் ஆயிற்று.

என் முதல் பெட்டி இந்த நம்பிக்கையில் செத்தது. பசை நன்றாகக் காய்ந்திருந்தது, ஸ்க்ரூ இரண்டு வேறு போட்டிருந்தேன். இரண்டாம் நாள் காலையில் பார்த்தால், சட்டம் முன்னால் குனிந்து, பக்கப்பலகை மூட்டோடு பிளந்து நிற்கிறது. கிதார்த் தந்தி ஒவ்வொன்றும் எட்டு முதல் பதின்மூன்று கிலோ வரை இழுக்கும். மூன்று தந்தி என்றால் 25 கிலோ அரிசிச் சிப்பத்தை இரவும் பகலும் தொங்கவிட்டதற்குச் சமம். நாலு மில்லிமீட்டர் பலகை என்ன செய்யும், பாவம்!

சட்டம் பெட்டிக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வர வேண்டும். ஒன்றரை அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனம் போதும். ஒரு முனையில் தந்தியை முறுக்கும் பிருடை, மறுமுனையில் தந்தி மாட்ட ஒரு கதவுக் கீல். இழுவை முழுவதையும் சட்டமே தாங்கும். பெட்டி சும்மா பாடிக்கொண்டிருக்கும். மூடிக்கு அடியில் வரும் இடத்தில் மட்டும் சட்டத்தை உளியால் மூன்று மில்லிமீட்டர் தாழ்த்திவிடுங்கள். மூடியில் சட்டம் இடித்தால் நாதம் செத்துவிடும். குதிரையை ஒட்டவும் வேண்டாம், தந்தியின் அழுத்தமே அதைப் பிடித்துக்கொள்ளும். நான் குதிரைக்கு வைத்திருப்பது ஒரு பழைய போல்ட்.

நம்பிக்கை: மெட்டு பதிக்கக் காது தேர்ந்தவர் வேண்டும்.

வீணையில் சுரம் பிரிக்கும் மெட்டுகளை மெழுகில் பதிக்க அப்படிப்பட்டவர் வேண்டும்தான். இதற்குக் கணக்கு போதும். குதிரைக்கும், பிருடைப் பக்கம் தந்தி படியும் மேருவுக்கும் இடையே உள்ள நீளத்தை 17.817ஆல் வகுத்தால், மேருவிலிருந்து முதல் மெட்டு இருக்கும் தூரம். மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் முதல் மெட்டிலிருந்து இரண்டாவதின் தூரம். 600 மில்லிமீட்டர் தந்திக்கு முதல் மெட்டு 33.7, அடுத்தது அதற்கு மேல் 31.8. பன்னிரண்டாவது சரியாக 300இல் விழவில்லை என்றால் எங்கோ தப்பாக அளந்திருக்கிறீர்கள். மெட்டே வேண்டாம் என்றால் கண்ணாடிக் குழாயைத் தந்திமேல் வழுக்கி வாசியுங்கள்.

மூடியில் துளை கட்டாயமா என்று கேட்பார்கள். இல்லை. துளை போட்டால் கீழ்ச் சுரம் கொஞ்சம் நிறையும், அவ்வளவுதான்.

நம்பிக்கை: விளையாட்டுச் சாமான், மேடைக்கு ஆகாது.

முதலில் இதன் உறவுக்காரப் பெட்டி ஒன்றைப் பாருங்கள். 1950களில் இங்கிலாந்துப் பையன்கள் தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, நடுவே கயிறு கட்டி, துடைப்பக் கட்டையில் இழுத்து பேஸ் வாசித்தார்கள். இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் தேயிலை கப்பலேறிப் போன ப்ளைவுட் பெட்டிகள் அவை. கொழுந்தில் ஒரு பங்கு மலையகத் தமிழர் விரல்கள் பறித்தது. ஜான் லெனனின் குவாரிமென் குழுவிலும் அப்படியொரு பெட்டி இருந்தது. 1957 ஜூலை 6 அன்று லிவர்பூலில் ஒரு தேவாலயத் திருவிழாவில் அந்தக் குழு வாசித்ததைக் கேட்டு நின்றவர்களில், பதினைந்து வயதுப் பால் மெக்கார்ட்னியும் ஒருவர்.

2012 டிசம்பர் 12 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், சாண்டி புயல் நிவாரணத்துக்காக நடந்த கச்சேரியில் அதே மெக்கார்ட்னி மேடையேறினார். வயது 70. நிர்வானா குழுவின் மிச்சமிருந்தவர்களோடு சேர்ந்து ஒரு புதிய பாட்டை உரக்க வாசித்தபோது, அவர் தோளில் தொங்கியது சுருட்டுப் பெட்டி கிதார்.