ஓர் எழுத்து மாறினால்

கொல்கத்தாவில் புத்தகக் கடைகள் நிறைந்த காலேஜ் தெருவில் 2010ஆம் ஆண்டு வரை பிரெசிடென்சி கல்லூரி என வழங்கிய நிறுவனம் அமைந்துள்ளது. அங்கு 1889ஆம் ஆண்டில் வேதியியல் ஆசிரியராகச் சேர்ந்தவர் பிரபுல்ல சந்திர ராய். ஒருமுறை அவர் மெர்குரஸ் நைட்ரேட் என்னும் சேர்மத்தை உண்டாக்க எண்ணி, நீர்த்த நைட்ரிக் அமிலத்தைப் பாதரசத்துடன் சேர்த்து வைத்தார். பாதரசத்தின்மேல் மஞ்சள் நிறப் படிகங்கள் தோன்றின. மெர்குரஸ் நைட்ரேட்டோ நிறமற்றது. அப்படியாயின் இப்படிகம் யாது?

விடை ஒரு பெயரில் இருந்தது. அப்பெயரைப் பிரித்துக் காண்போம்.

'மெர்குரி' என்பது விரைந்து செல்லும் ரோமானியத் தெய்வம் ஒன்றின் பெயர். தட்டில் இட்டால் நில்லாது உருண்டோடும் உலோகத்திற்கு அப்பெயர் வாய்த்தது. (அவ்வுலோகம் நஞ்சு, கையால் தொடலாகாது.) தமிழில் அது பாதரசம், வங்காளத்தில் 'பாரோத்', இந்தியில் 'பாரா'. வீட்டில் ஒரு பெயரும் தெருவில் ஒரு பெயரும் வகுப்பில் ஒரு பெயரும் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு இது புதிதன்று. பாதரசம் இருவகைச் சேர்மங்களைத் தரும். இணையும் திறன் குறைந்த நிலையை 'மெர்குரஸ்' என்றும், மிகுந்த நிலையை 'மெர்குரிக்' என்றும் வழங்குவர்.

'நைட்ரஜன்' என்பதற்குக் கிரேக்க வேர்களின்படி 'வெடியுப்பைப் பிறப்பிப்பது' என்று பொருள். பீகாரில் எடுத்த வெடியுப்பு ஒரு காலத்தில் கொல்கத்தா வழியாகவே கப்பலேறியது. நைட்ரேட்டில் ஒரு நைட்ரஜன் அணுவுடன் மூன்று ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன, நைட்ரைட்டில் இரண்டே. 'ரே' என்பது 'ரை' என மாறியதும் ஓர் ஆக்சிஜன் குறைந்துவிடுகிறது! 'நைட்ரைடு' என்று எழுதிவிட்டாலோ ஆக்சிஜனே இல்லாத வேறொரு பொருளாகிவிடும்.

ராய் அம்மஞ்சள் படிகத்தைப் பகுத்தாய்ந்து, அது மெர்குரஸ் நைட்ரைட் எனக் கண்டார். அதன் இரு பகுதிகளும் எளிதில் சிதையும் இயல்புடையவை. அவை இணைந்து நிலையான படிகமாதல் எதிர்பாராதது. எதிர்பார்த்த நைட்ரேட்டே என்று பெயரிட்டு ஒதுக்கியிருந்தால் கண்டுபிடிப்பும் அப்பெயருக்குள் மறைந்திருக்கும். 1896ஆம் ஆண்டில் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் அவரது கட்டுரை வெளிவந்தது; இலண்டனின் 'நேச்சர்' இதழும் அதைக் குறிப்பிட்டது.

அருஞ்சொற்பொருள்
நீர்த்த – நீர் கலந்து செறிவு குறைந்த
வெடியுப்பு – வெடிமருந்து செய்யப் பயன்படும் உப்பு

பயிற்சி
1. நைட்ரேட், நைட்ரைட், நைட்ரைடு ஆகியவற்றின் வேறுபாட்டை எழுதுக.
2. உப்பு, இரும்பு, பொன் ஆகியவற்றின் வங்காளப் பெயர்களைக் கேட்டறிந்து தமிழ் எழுத்தில் எழுதுக.