கேள்வியிலிருந்து பாடம்: இருமொழியில் செயற்றிட்டக் கற்றல்

செயற்றிட்டம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது புத்தகக் கடையில் வாங்கும் படத்தாளும் பசையும் அலங்கார முன்னட்டையும்தான். புள்ளி கிடைத்ததும் அது அலுமாரிக்குள் போய்விடும். ஆனால் கல்வியியலில் இச்சொல்லின் பொருள் வேறு.

1918ஆம் ஆண்டில் அமெரிக்கக் கல்வியியலாளர் வில்லியம் கில்பற்றிக் செயற்றிட்ட முறை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மாணவர் ஒரு நோக்கத்தைத் தாமே ஏற்று, திட்டமிட்டு, செய்து, விளைவை மதிப்பிட வேண்டும் என்பதே அதன் சாரம். நமது பகுதியிலும் இத்தகைய சிந்தனை இருந்தது. 1901இல் சாந்திநிகேதனில் மரநிழலில் பாடசாலை தொடங்கிய தாகூர், 1934இல் இலங்கை வந்தபோது ஹொரணையில் ஸ்ரீபாலி கல்வி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார்.

இன்றைய உதாரணம், தமிழ்நாட்டில் திருவண்ணாமலைக்கு அருகே 2009இல் தொடங்கப்பட்ட மருதம் பண்ணைப் பாடசாலை. அது சிறிய பாடசாலை. தமிழும் ஆங்கிலமும் அதன் கற்பித்தல் மொழிகள். சுற்றுக் கிராமங்களின் பிள்ளைகளும் வெளியிடங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கின்றனர். பக்கத்து மலையில் உள்நாட்டு மரங்களை நட்டு மீண்டும் காடு வளர்க்கும் பணியும் பண்ணை வேலையும் அவர்களுடைய கல்வியோடு சேர்ந்தவை.

இங்கே இருமொழியின் பயன் தெளிவாகிறது. மரத்தின் பெயரையும் குணத்தையும் ஊர் முதியவரிடம் கேட்க வேண்டுமானால் தமிழ் வேண்டும். அதே மரத்தைப் பற்றி உலகின் பிற பகுதியினர் எழுதியதை வாசிக்க ஆங்கிலம் உதவும். ஒன்று மற்றொன்றை விரட்டுவதில்லை. நம்மிடமோ ஆங்கிலம் பெரும்பாலும் மனனம் செய்யும் பாடமாகவும், தமிழ் ஆராய்ச்சிக்கு உதவாத வீட்டு மொழியாகவும் கருதப்படுகிறது. உண்மையான இழப்பு இதுதான்.

எங்கள் எல்கடுவையை எடுத்துக்கொள்வோம். தேயிலைத் தோட்டமும் மிளகுக் கொடியும் உள்ள ஊர். என் உம்மம்மா பச்சை மிளகைக் கொதிநீரில் சற்று அமிழ்த்தி எடுத்துத்தான் பாயில் காயப்போடுவார். ஏன்? இந்த ஒரு கேள்வியே முழுச் செயற்றிட்டம். பச்சை மிளகு கறுப்பாவது நொதியங்கள் தூண்டும் ஒட்சியேற்றத்தால். சிறிது நேரச் சூடு கலங்களை உடைத்து அதை விரைவுபடுத்துகிறது. இது உயிரியல். காய்வதற்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தால், 10 கிலோ ஏறத்தாழ 3 கிலோவாகும். இது கணிதம். சந்தையில் அதே பொருள் சிங்களத்தில் கம்மிரிஸ், ஆங்கிலத்தில் பெப்பர். இது மொழி.

தனியார் பாடசாலையின் கட்டணத்தை எல்லோராலும் செலுத்த இயலாது. நமது வகுப்புகள் பெரியவை, பரீட்சையும் நெருங்கிக்கொண்டே இருக்கிறது. இவை மறுக்க முடியாதவை. எனினும் அந்தப் பாடசாலைகளிடமிருந்து நாம் கற்க வேண்டியது கட்டடத்தையல்ல, பழக்கத்தையே. தவணைக்கு ஒரு செயற்றிட்டமாவது படத்தாளில் தொடங்காமல் மாணவியின் சொந்தக் கேள்வியில் தொடங்கட்டும். ஆசிரியை விடையைச் சொல்லாமல், யாரிடம் கேட்கலாம், எதை அளக்கலாம் என்று வழிகாட்டட்டும். தகவலைத் தமிழில் திரட்டி, சுருக்கத்தை ஆங்கிலத்தில் எழுதிப் பழகுவோம்.

தோழியரே, தராசும் கொப்பியும் வீட்டில் ஒரு மூத்தவரும் இருந்தால் போதும். அடுத்த தவணைக்கான கேள்வியை இன்றே எழுதி வையுங்கள்.