நடுக்குவாதம்: பூட்டி வைக்காத ஆராய்ச்சி

"பூனைக்காலி விதை நடுக்கத்துக்கு நல்லதாமே, இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திடலாமா டாக்டர்?" பார்க்கின்சன் நோயாளிகளின் வீட்டார் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நிறுத்தவே கூடாது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நடுக்குவாதம் என்று நாங்கள் சொல்லும் இந்நோயில், மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. டோபமைனாக மாறும் லெவோடோபாவைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்து, 1937-ல் வெளியிட்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமோதரனும் ராமசாமியும். அது இந்த நோய்க்கு உதவும் என்று அன்று யாருக்கும் தெரியாது. நோயாளிகளின் மூளையில் டோபமைன் குறைந்திருப்பது 1960-ல்தான் வியன்னாவில் தெரிய வந்தது. இன்றும் முக்கிய மருந்து லெவோடோபாதான். ஆனால் அது நடுக்கத்தையும் இறுக்கத்தையும் குறைக்குமே தவிர, செல் அழிவதைத் தடுக்காது.

தடுக்க வேண்டுமானால் நோயை ஆரம்பத்திலேயே பிடிக்க வேண்டும். ஒரு ஆஸ்பத்திரிக்கு வரும் பத்து, இருபது பேரை வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்க முடியுமா? நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸுக்கு 1991-ல் இந்நோய் இருப்பது தெரிந்தது. அவர் தொடங்கிய அறக்கட்டளை 2010-ல் ஒரு பெரிய ஆய்வை ஆரம்பித்தது. புது நோயாளிகள், ஆரோக்கியமானவர்கள் என்று பல நாட்டினரை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனிக்கிறார்கள். ஸ்கேன், ரத்தம், முதுகுத்தண்டு நீர், எல்லாமே பொதுச் சொத்து. தகுதியுள்ள எந்த நாட்டு ஆராய்ச்சியாளரும் விண்ணப்பித்து அந்த விவரங்களைப் பார்க்கலாம்.

பலன் 2023-ல் தெரிந்தது. இந்நோயில் ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதம் தப்பாக மடிந்து செல்களில் கட்டியாகச் சேரும். ஆய்வில் இருந்த 1,123 பேரின் முதுகுத்தண்டு நீரில் அதைத் தேடியபோது, நோயாளிகளில் 100-க்குச் சுமார் 88 பேரிடம் அகப்பட்டது. வாசனை தெரியாமல் போனவர்கள் சிலரிடம், நடுக்கம் வருவதற்கு முன்பே!

எங்கள் வைத்தியர்களில் சிலர் "பரம்பரை ரகசியம்" என்று சூரணத்தின் சேர்மானத்தைக்கூடச் சொல்வதில்லை. குணமானவர் எத்தனை பேர், ஆகாதவர் எத்தனை பேர் என்ற கணக்கும் கிடையாது. எனக்கு இது சரியாகப் படவில்லை.

இனி மாத்திரை விஷயம். விதைக்கு விதை லெவோடோபா அளவு மாறும். மாத்திரையில் மருந்து மூளைக்குப் போய்ச் சேர உதவும் கார்பிடோபாவும் உண்டு. விதையில் அது கிடையாது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் குமட்டல், ரத்த அழுத்தம் இறங்குவது, கை கால் தானாக நெளிவது எல்லாம் வரலாம். மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் உடல் கட்டையாக இறுகி, காய்ச்சல் கண்டு, உயிருக்கே ஆபத்தாகலாம். சூரணம் சாப்பிடுகிறவர்கள் அதை நரம்பு டாக்டரிடம் மறைக்க வேண்டாம். மாத்திரைச் சீட்டை என்னைப் போன்றவர்களிடமும் காட்டுங்கள்.