கட்டப்பனைக்குப் போகும் மருமகனுக்கு

மயிலாடும்பாறை

அன்பு மருமகனுக்கு,

கட்டப்பனையில் மளிகைக் கடை போடுவதென்று முடிவெடுத்துவிட்டாய். முதலுக்கு முத்ரா கடன் இருக்கிறது, சரக்கு சொல்ல வாட்ஸப் இருக்கிறது, இதில் சொந்தக்காரன் எதற்கு என்று கேட்கிறாய். வங்கி பணம் தரும். எந்த மொத்தக் கடையில் கடனுக்குச் சரக்குப் போடுவார்கள், ஏலத் தோட்டத்தில் கூலி போடும் நாளில் எது ஓடும், யாருக்குப் பற்று எழுதலாம் என்பதை உனக்கு முன்னால் அங்கே போனவன்தான் சொல்வான். ஆனால் பழக்கம் மட்டும் போதும் என்றும் இருந்துவிடாதே. பாசத்தை நம்பிக் கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்க அதே பாசம் விடாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வடக்கே வந்து விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), சிவகாசி, திருமங்கலம் பக்கம் தங்கிய நாடார் வியாபாரிகளைப் பார். கோயில் வாசலே அவர்களுக்கு அடைபட்டிருந்த காலம். வண்டி மாடும் சரக்கும் பத்திரமாக நிற்கப் பேட்டை கட்டினார்கள். வியாபாரத்தில் சிறு பங்கை மகமையாக எடுத்து வைத்தார்கள். 1889-இல் விருதுபட்டியில் எழுந்த சத்திரிய வித்யாசாலைக்கு அந்த மகமைதான் கைகொடுத்தது. காமராஜர் படித்த பள்ளி. 1921-இல் தூத்துக்குடியில் தொடங்கிய நாடார் வங்கிதான் இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. நம் தேனியிலேயே அவர்களுடைய மேலப்பேட்டை உறவின்முறைச் சங்கம் கல்லூரி நடத்துகிறது. ஒரே சாதி, அதனால் முடிந்தது என்பார்கள். சாதி ஒன்றாயிருந்தும் நொடித்துப்போன கூட்டங்கள் எத்தனையோ! மகமை, மனசிருந்தால் போடும் உண்டியல் இல்லை. கட்டியே ஆகவேண்டும், கணக்கும் சொல்லியாக வேண்டும். அந்தக் கறார்தான் அவர்களைத் தூக்கிவிட்டது.

நமக்கு அப்படியொரு உறவின்முறை இல்லையே என்பாய். கறாருக்குச் சாதி வேண்டியதில்லை. கேரளத்தில் வியாபாரி வியவசாயி ஏகோபன சமிதி என்ற வணிகர் சங்கம் இருக்கிறது. சேர்ந்து சந்தாவை ஒழுங்காகக் கட்டு, கூட்டத்துக்குப் போ, மலையாளம் பழகு. நம் ஊர்க்காரர்களோடு மட்டும் ஒட்டிக்கொண்டால் அவர்களுக்குத் தெரிந்தது மட்டுமே உனக்கும் தெரியும்.

இந்தச் சொந்தபந்தப் பிணைப்பில் நசுங்குகிறவன் கடைப்பையன். சம்பளத்தைச் சேர்த்து வைத்து மொத்தமாகத் தருகிறேன் என்பது பழைய வழக்கம். அதில் முதல் சேர்த்துத் தனிக்கடை போட்டவர்களும் உண்டு, கணக்கே தெரியாமல் ஊர் திரும்பியவர்களும் உண்டு. சொந்தக்காரப் பையனாயிருந்தாலும் மாதாமாதம் அவன் வங்கிக் கணக்கில் போட்டுவிடு. உட்கார நாற்காலி கொடு. கடை ஊழியருக்கு அந்த உரிமையைக் கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும் சட்டமாக்கியிருக்கின்றன. கடைக்காக உன் சித்தப்பாவிடம் வாங்கப்போகும் முன்பணத்துக்கும் சீட்டு எழுதிக் கொடு. அவர் வேண்டாமென்பார். கொடு.

உன் மாமா