திருட்டுப் பணம் கடல் தாண்டினால்...

கேள்வி: கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்க நாடுகள் கூடிக் குழு அமைத்திருக்கின்றனவாமே, பலன் உண்டா?

பதில்: உண்டு. ஆனால் திருடனின் வேகம் அரசுகளுக்கு இன்னும் வரவில்லை.

2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கி நியூயார்க்கில் வைத்திருந்த கணக்கிலிருந்து கணினித் திருடர்கள் 10.1 கோடி டாலரைக் கிளப்பினார்கள். இலங்கைக்குப் போன 2 கோடி, பெறுநர் பெயரில் இருந்த எழுத்துப் பிழையால் சந்தேகம் எழுந்து மீட்கப்பட்டது. பிலிப்பைன்ஸுக்குப் போன 8.1 கோடியோ மணிலாவின் சூதாட்ட விடுதிகளில் கரைந்தது. டாக்காவில் வெள்ளி விடுமுறை, பிறகு வாரக்கடைசி, திங்களன்று மணிலாவில் சீனப் புத்தாண்டு விடுமுறை. நாள் பார்த்துத்தான் அடித்திருக்கிறார்கள். பிலிப்பைன்ஸின் கறுப்புப் பணத் தடுப்புச் சட்டத்தில் அன்று சூதாட்ட விடுதிகளுக்கு விலக்கு இருந்தது. 1955-ஆம் ஆண்டின் வங்கி ரகசியச் சட்டம் வேறு விசாரணையின் கையைக் கட்டியது. அந்த ஆண்டு திரும்பியது சுமார் 1.5 கோடி டாலர்தான். அது ஓர் ஏழை நாட்டின் அந்நியச் செலாவணி என்பதை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது.

இத்தனைக்கும் வங்கதேசம், இலங்கை, பிலிப்பைன்ஸ் மூன்றுமே, கறுப்புப் பணம் வெள்ளையாவதைத் தடுக்க அமைந்த ஆசிய பசிபிக் குழுவின் உறுப்பினர்கள். 1997-இல் தொடங்கி சிட்னியில் செயலகம் வைத்திருக்கும் இக்குழுவில் இந்தியாவும் உண்டு. உறுப்பு நாடுகளின் சட்டங்களையும் நடைமுறையையும் சக நாடுகளின் நிபுணர்களே சோதிப்பார்கள். கைது செய்யவோ கணக்கை முடக்கவோ குழுவுக்கு அதிகாரம் இல்லை. ஓட்டையைச் சுட்டிக்காட்டலாம், அடைப்பது அந்தந்த நாடாளுமன்றத்தின் பொறுப்பு. பிலிப்பைன்ஸ் 2017-இல்தான் சூதாட்ட விடுதிகளைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. பணம் போன பிறகு!