மீனை அப்புறம் பாரு, முதல்ல இன்ச் டேப்பை எடு!

சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும் நேரா மீன் கடைக்குள்ள நுழையற ஆளா நீ? அப்ப இது உனக்குத்தான் கண்ணு. ரெண்டு இன்ச் ஆஸ்கார் குட்டி வாலாட்டறதைப் பார்த்தா யாருக்கும் மனசு எளகும். கூடவே ரெண்டடி தொட்டி, நீலக் கல்லுன்னு கடைக்காரர் எடுத்து வைப்பார். கொஞ்சம் நில்லு. அந்தக் குட்டி ஒரு வருஷத்துல ஒரு சாணுக்கு வந்துடும். முழுசா வளர்ந்தா ஒரு அடி.

ஆஸ்கார் ஒரு சிக்லிட். சிக்லிட்னா ஏதோ அபூர்வ ஜாதின்னு நெனைக்காதே. 1952-ல நம்ம நாட்டுக்கு வந்து ஊர்க்குளமெல்லாம் புடிச்சுக்கிட்ட ஜிலேபி மீனும் இதே குடும்பம்தான். பள்ளம் தோண்டி வெச்சுக்கிட்டு, கிட்ட வர்றதையெல்லாம் வெரட்டும். அதே குணம்தான் உன் தொட்டிக்குள்ளயும் வரும். சின்ன இடத்துல வெரட்டினா, வெரட்டப்படற மீன் ஓட வழியில்லாம செத்துப்போகும்.

1. வளர்ந்த மீனுக்கு அளவெடு. "தொட்டிக்கு ஏத்த மாதிரிதான் மீன் வளரும்"னு யாராவது சொன்னா நம்பாதே. இடுக்கான தொட்டியில கழிவு சேர்ந்து தண்ணி கெட்டுத்தான் வளர்ச்சி நிக்குது. அந்த மீன் ரொம்ப நாள் தாங்காது.

2. எந்த மீனுக்கு எவ்வளவு?
- ஆஸ்கார், ஃபிளவர்ஹார்ன்: ஒண்ணே ஒண்ணுக்கு நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஃபிளவர்ஹார்னுக்குத் துணை தேடாதே, அது ஒண்டிக்கட்டை.
- மலாவி ஏரி கலர் மீனுங்க: இதுக்கும் நாலடி. ஜோடி ஜோடியா வாங்கினா ஒண்ணை ஒண்ணு கடிச்சுக் கொன்னுடும். ஒரு பத்துப் பன்னெண்டா விடு, ஆண் கொறைச்சலா, பெண் அதிகமா. ஒளிஞ்சுக்கக் கல்லைக் குவிச்சு வை.
- ஏஞ்சல்: இதுவும் சிக்லிட்தான். இதுக்கு மட்டும் உயரம் முக்கியம், ஒன்றரை அடிக்குக் கொறையக் கூடாது.
- ராம்: ரெண்டடி போதும். ஆனா உப்புத்தண்ணி ஆகாது.

3. ஏஞ்சலைத் தவிர மத்ததுக்கெல்லாம் உயரத்தைப் பார்த்து மயங்காதே. மீன் நீந்தறது நீளத்துல, திரும்பறது அகலத்துல. ஒரு அடி அகலத் தொட்டியில ஒரு அடி மீன் எப்படித் திரும்பும்? உயரம் ஜாஸ்தியானா அடி மண்ணைச் சுத்தம் பண்ண உன் கையும் எட்டாது.

4. தண்ணிக் கணக்கை மறந்துடாதே. நம்ம ஊர்ல பாதிப் பேர் தடுக்கி விழறது இங்கதான். நீளம், அகலம், உயரம் மூணையும் அடியில பெருக்கி, அதை 28-ஆல பெருக்கினா லிட்டர் வரும். நாலடித் தொட்டிக்கு 250 லிட்டர். வாரம் கால்பங்கு மாத்தணும், அதாவது நாலஞ்சு குடம். குழாய்த் தண்ணி வர்ற நாள்ல அவ்வளவு ஒதுக்க முடியுமா? வீட்டுல கேட்டுட்டு முடிவு பண்ணு. குளோரின் வாசம் அடிச்சா பக்கெட்டுல ஒரு ராத்திரி வெச்சுட்டு ஊத்து.

போர்த் தண்ணி கடினமா இருந்தா மலாவி மீனுக்கு ஒத்துக்கும், அது பொறந்த ஏரியே காரத்தன்மை உள்ளது. ஆனா சாயக்கழிவு எறங்கின பக்கத்துத் தண்ணி வேற சங்கதி. 2011-ல ஐகோர்ட் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னுச்சு, ஆனா அதுக்கு முன்னாடியே நெலத்தடியில எறங்கின உப்பு ஒரே நாள்ல மாயமாகாது. தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்கற டி.டி.எஸ். மீட்டர் விலை கம்மிதான். 1000-த்தைத் தாண்டினா நல்ல தண்ணி கலந்துதான் ஊத்தணும்.

5. கனத்தை யோசி. தண்ணி மட்டுமே 250 கிலோ. கண்ணாடி, கல்லு சேர்ந்தா 300-ஐத் தாண்டும். டிவி ஸ்டாண்டு தாங்காது. இரும்பு ஸ்டாண்டு போட்டு, தொட்டிக்கடியில தெர்மாகோல் விரி. மாடியில குடியிருந்தா வீட்டுக்காரரைக் கேட்டுட்டுத் தூக்கு. தகர ஷீட் வீட்டுல சித்திரை வெயில்ல தண்ணி சூடாகி மீனுக்கு மூச்சு முட்டும், அங்க பெரிய சிக்லிட் வேண்டவே வேண்டாம்.

6. நேரமில்லாதவங்களுக்குப் பெரிய தொட்டிதான் சுலபம், தண்ணி சீக்கிரம் கெடாது. கம்பெனியில ஷிப்மென்ட் நெருக்கடின்னு ஒரு வாரம் தண்ணி மாத்தறது விட்டுப்போனாலும் சமாளிக்கும். தீபாவளிக்கு ஊருக்குப் போறப்ப தீனியை அள்ளிக் கொட்டிட்டுப் போகாதே, வளர்ந்த மீன் மூணு நாலு நாள் பட்டினி தாங்கும். கரண்ட் போனா பேட்டரி ஏர் பம்ப் வேணும். பழைய தொட்டி வாங்கினா வாசல்ல ஒரு நாள் தண்ணி நிரப்பி வெச்சுக் கசிவு பாரு. புதுத் தொட்டியில அன்னைக்கே மீனை விடாதே. தெரிஞ்சவங்க தொட்டி ஃபில்டர்ல இருந்து அழுக்கு ஸ்பாஞ்ச் ஒரு துண்டு வாங்கி, கழுவாம உன் ஃபில்டர்ல போடு. கழிவைச் செரிக்கற பாக்டீரியா அதுலதான் இருக்கு, புதுத் தொட்டியில அது சேர ஆகற ஒரு மாசக் காத்திருப்பு நல்லாவே கொறையும்.

மீன் பெருசாயிடுச்சுன்னு நொய்யல் ஆத்துலயோ குளத்துலயோ கொண்டுபோய் விடற வேலை மட்டும் ஆகாது. அங்க இருக்கற சின்ன மீனையெல்லாம் தின்னு தீர்த்துடும். கடைக்காரர் திரும்ப எடுத்துக்குவாரான்னு வாங்கறப்பவே கேட்டு வை.

வீட்டுல நாலடிக்கு இடமில்லைன்னா கப்பி அஞ்சாறு வாங்கு, ஆஸ்காரைக் கடையிலயே விட்டுட்டு வா.