வெட்டவா, சுருக்கவா, கோக்கவா? இலவச வீடியோ மென்பொருள்களில் எது எதற்கு

பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளை மேடையில் நின்றது மூன்று நிமிடம். அப்பாவின் போனில் பதிவாகியிருப்பது நாற்பது நிமிடம். ஐபோனில் 4கே, நொடிக்கு 30 ஃபிரேம் என்று வைத்து எடுத்திருந்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 170 எம்பி. மொத்த ஃபைல் 6.8 ஜிபி. அதில் அந்த மூன்று நிமிடத்தை மட்டும் எடுத்து ஊரிலுள்ள தாத்தா பாட்டிக்கு அனுப்ப வேண்டும். நல்ல எடிட்டிங் சாஃப்ட்வேர் எது என்று யாரிடமாவது கேட்டால் டாவின்சி ரிசால்வ் என்று பதில் வரும். அருமையான மென்பொருள்தான், சினிமாக்காரர்கள் கையாளுவதுதான். ஆனால் இந்த வேலைக்கு அது வேண்டியதே இல்லை. 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் அதை ஏற்றி, அது திணறுவதைப் பார்த்துவிட்டு, எடிட்டிங் நமக்கு வராது என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள்.

கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுக்கொண்டால் பதில் சுலபமாகிவிடும். இந்த வீடியோவை என்ன செய்யப்போகிறேன்? ஒரு துண்டை வெட்டி எடுக்கப்போகிறேனா, அளவைச் சுருக்கி வேறு வடிவத்துக்கு மாற்றப்போகிறேனா, பல துண்டுகளைக் கோத்துப் பாட்டும் எழுத்தும் சேர்க்கப்போகிறேனா? இவை வேறு வேறு வேலைகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மென்பொருள் இருக்கிறது, எல்லாமே இலவசம்.

தேர்ந்தெடுக்கும் முன் ஒரே ஒரு விஷயம் புரிந்திருக்க வேண்டும். எம்பி4, எம்கேவி, எம்ஓவி, ஏவிஐ என்று ஃபைல் பெயரின் கடைசியில் வருவது டப்பாவின் பெயர். உள்ளே இருக்கும் படம் எச்.264, எச்.265, எம்பெக்-2 என்று ஏதாவது ஒரு கோடெக்கில் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். ஒலி தனியாக ஏஏசி அல்லது எம்பி3 ஆக இருக்கும். குழம்பை ஒரு டப்பாவிலிருந்து இன்னொரு டப்பாவுக்கு மாற்றினால் ருசி மாறாது, மறுபடி அடுப்பில் ஏற்றினால் மாறும். எம்கேவியை எம்பி4 ஆக்குவது பல சமயம் டப்பா மாற்றும் வேலைதான். சில நொடிகளில் முடியும், தரம் துளியும் குறையாது. கோடெக்கை மாற்றுவதும் அளவைக் குறைப்பதும் அப்படியல்ல. படத்தை முழுதாக விரித்து மறுபடி சுருக்க வேண்டும். அதைத்தான் ரீ-என்கோடிங் என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் போகும், போனது திரும்ப வராது. ஆகவே ரீ-என்கோடிங் இல்லாமல் முடிகிற வேலையை அப்படியே முடிக்க வேண்டும். செய்துதான் ஆக வேண்டுமென்றால் ஒரே முறை, கடைசியில் செய்ய வேண்டும். கீழே நான் சொல்லும் எல்லாத் தேர்வுகளும் இதை ஒட்டியவைதான்.

வெட்ட மட்டும்

இதற்கு லாஸ்லெஸ்கட், அவிடெமக்ஸ் என்று இரண்டு மென்பொருள்கள். இரண்டும் ஓப்பன் சோர்ஸ். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

புதிதாக வருபவருக்கு லாஸ்லெஸ்கட் போதும் என்பது என் கருத்து. ஃபைலை இழுத்துப் போட வேண்டும், தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் குறிக்க வேண்டும், எக்ஸ்போர்ட் அழுத்த வேண்டும். 6.8 ஜிபி ஃபைலிலிருந்து மூன்று நிமிடத்தை அது நொடிக்கணக்கில் எடுத்துத் தந்துவிடும், ஏனென்றால் படத்தைத் தொடாமல் அந்தப் பகுதியை மட்டும் நகலெடுக்கிறது. கிட்ஹப் பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் ஸ்டோர்களில் விலை போட்டிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது உருவாக்கியவருக்கு ஆதரவாகக் கொடுக்கும் பணம்.

ஒரு வரம்பு உண்டு. சுருக்கப்பட்ட வீடியோவில் எல்லா ஃபிரேமும் முழுப் படமாக இருப்பதில்லை. இடையிடையே வரும் கீஃபிரேம்கள் மட்டுமே முழுப் படம், மற்றவை முந்தையதிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்புகள். ரீ-என்கோடிங் இல்லாமல் வெட்டினால் துண்டு ஒரு கீஃபிரேமில்தான் தொடங்க முடியும். நீங்கள் குறித்த இடத்துக்கு ஓரிரு நொடி முன்பிருந்தே படம் ஆரம்பித்தால் அதற்குக் காரணம் இதுதான். ஆண்டு விழா நடனத்துக்கு அந்த ஓரிரு நொடி ஒரு பொருட்டே இல்லை. வசனம் தொடங்கும் அதே கணத்தில் வெட்டு விழ வேண்டும் என்பவர் எடிட்டருக்குத்தான் போக வேண்டும்.

அவிடெமக்ஸ் பழைய பாணித் தோற்றம் கொண்டது. இடப்பக்கம் வீடியோ, ஆடியோ இரண்டுக்கும் 'காப்பி' என்றும், கீழே டப்பாவுக்கு எம்பி4 மக்சர் என்றும் வைத்துக்கொண்டு, ஏ, பி குறிகளுக்கு இடையிலிருப்பதைச் சேமித்துக்கொள்ளலாம். மேல், கீழ் அம்புக்குறிகள் கீஃபிரேமுக்குக் கீஃபிரேம் தாவும். பழைய, வேகம் குறைந்த கணினி வைத்திருப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

ஒரே போனில், ஒரே அமைப்பில் எடுத்த துண்டுகளை இந்த இரண்டிலுமே ஒட்டவைக்கலாம். அண்ணன் போனில் எடுத்தது ஒன்று, அத்தை போனில் எடுத்தது ஒன்று என்றால் அளவும் கோடெக்கும் ஒத்துப்போகாது. அதற்கு எடிட்டர் வேண்டும்.

சுருக்கவும் மாற்றவும்: ஹேண்ட்பிரேக்

இங்கே போட்டியே இல்லை. 2003இல் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் திட்டம் ஹேண்ட்பிரேக். எதைக் கொடுத்தாலும் வாங்கி எம்பி4, எம்கேவி, வெப்எம் ஆகியவற்றில் ஒன்றாகத் தரும். படத்தை எப்போதும் ரீ-என்கோடிங் செய்தே தரும் என்பதால் வெட்டுவதற்கோ டப்பா மாற்றுவதற்கோ இதை எடுக்காதீர்கள்.

இதன் முழு அருமையும் தெரிவது நம் வீட்டு அலமாரிகளில் கிடக்கும் கல்யாண டிவிடிகளில்தான். வீட்டில் பிளேயர் இல்லை, புது லேப்டாப்பில் டிஸ்க் டிரைவ் இல்லை, வட்டோ ஆண்டுக்கு ஆண்டு கெட்டுக்கொண்டிருக்கிறது. ஸ்டுடியோவில் எழுதிக் கொடுத்த டிவிடிகள் சாயப்பூச்சில் எழுதப்பட்டவை. வெயிலும் ஈரமும் அந்தச் சாயத்தை அழிக்கும். இந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது என்று அழுத்தமாகச் சொல்வேன்.

யூஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்றை இரவல் வாங்கியாவது வட்டிலுள்ள வீடியோ டிஎஸ் என்ற ஃபோல்டரை முழுசாகக் கணினிக்கு நகலெடுங்கள். ஒரு அடுக்கு டிவிடி என்றால் 4.7 ஜிபிக்குள்தான் இருக்கும். இதை இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு எதை மாற்ற நினைத்தாலும் இந்த மூலத்திலிருந்துதான் மாற்ற வேண்டும்.

உள்ளே 1 ஜிபி அளவில் விஓபி ஃபைல்கள் வரிசையாக இருக்கும். புதியவர்கள் அவற்றை ஒவ்வொன்றாக மாற்றப் பார்ப்பார்கள். மூன்று துண்டாக உடைந்த கல்யாணம் கிடைக்கும். ஹேண்ட்பிரேக்கில் தனி ஃபைலைத் திறக்காமல் அந்த ஃபோல்டரையே திறந்தால் அது டைட்டில்களைப் பட்டியலிட்டு, துண்டுகளை ஒரே படமாக எடுத்துக்கொள்ளும். நீளமான டைட்டில்தான் கல்யாணம்.

பிரீசெட் பட்டியலில் 576பி25 என்று முடியும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நம் ஊர் டிவிடிகள் பால் முறைப்படி 720×576 அளவு, நொடிக்கு 25 ஃபிரேம். அதை 1080பி ஆக்கினால் ஃபைல் பெருக்கும்; இல்லாத முகத்தெளிவு வந்துவிடாது. தாலி கட்டும்போது அசையும் கைகளில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிந்தால் அது இன்டர்லேஸ்டு பதிவு. ஃபில்டர்ஸ் பகுதியில் டிகோம் அல்லது டிஇன்டர்லேஸ் இயங்குகிறதா என்று பாருங்கள். பிறகு தரம். ஆர்எஃப் என்ற எண் குறையக் குறையத் தரமும் ஃபைல் அளவும் கூடும். டிவிடி அளவுக்கு 18 முதல் 22 வரை, 1080பிக்கு 20 முதல் 24 வரை என்பது ஹேண்ட்பிரேக்காரர்களே தரும் பரிந்துரை. கல்யாணத்துக்கு நான் 19 வைப்பேன். எச்.264 படம், ஏஏசி ஒலி, எம்பி4 டப்பா என்ற சேர்க்கை போன், டிவி, கணினி எதிலும் ஓடும். எச்.265 இன்னும் சிறிதாக்கும். ஆனால் சித்தப்பா வீட்டுப் பழைய டிவியில் ஓடாமல் போகலாம்.

என்கோடர் பட்டியலில் என்விடியா, இன்டெல் பெயரோடு வருபவை கிராபிக்ஸ் சிப்பை வைத்து வேகமாக முடிக்கும். அதே தரத்துக்கு ஃபைல் கொஞ்சம் பெரிதாகும். குடும்பத்தின் ஒரே கல்யாணப் பதிவுக்கு மெதுவான எக்ஸ்264 என்கோடர்தான் சரி. இரவு ஓடவிட்டுப் படுத்துக்கொள்ளலாம்.

டிவிடிக்கும் முந்தைய விசிடி என்றால் எம்பெக் ஏவி என்ற ஃபோல்டரில் டேட் ஃபைலாக இருக்கும். படம் 352×288 அளவுதான், ஏற்கெனவே கடுமையாகச் சுருக்கப்பட்டது. அதை மறுபடி சுருக்கிக் கெடுக்காமல் அப்படியே நகலெடுத்து விஎல்சி பிளேயரில் பாருங்கள்.

விஎல்சியிலும் கன்வர்ட் வசதி உண்டே என்பார்கள். உண்டு, அவசரத்துக்கு ஒன்றிரண்டு சின்ன ஃபைலுக்கு உதவும். பிரீசெட்டும் வரிசையும் தெளிவாக உள்ள ஹேண்ட்பிரேக் இருக்கும்போது அதில் மல்லுக்கட்டத் தேவையில்லை. கட்டளை வரியில் இயங்கும் எஃப்எஃப்எம்பெக் 2000இல் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கியது. மேலே சொன்ன மென்பொருள்களுக்கெல்லாம் அடியில் உழைப்பது அதன் நிரல்தான். நூறு ஃபைல்களை ஒரே மாதிரி மாற்றும் தேவை வரும் நாளில் அதைக் கற்றுக்கொள்ளலாம்.

தரவிறக்கும்போது கவனம் வேண்டும். ஹேண்ட்பிரேக்கின் உண்மையான தளம் டாட் எஃப்ஆர் என்று முடியும். 2017 மே மாதத்தில் அதன் தரவிறக்க சர்வர் ஒன்றிலேயே மேக் பதிப்புக்குப் பதில் தீம்பொருள் கலந்த ஃபைல் சில நாள் இருந்தது. அதனால்தான் தளத்தில் தரும் செக்சம் என்ற சரிபார்ப்புக் குறியீட்டை ஒப்பிடச் சொல்கிறார்கள். 'ஃப்ரீ கன்வர்ட்டர்' என்று தேடினால் முதலில் வந்து நிற்கும் பலவும் பாதியில் பணம் கேட்கும், அல்லது படத்தின் நடுவே வாட்டர்மார்க் குத்தும். ஆன்லைனில் மாற்றித் தரும் தளங்களுக்குக் குடும்ப வீடியோவை ஏற்றவே வேண்டாம்.

கோத்துப் படமாக்க

பல துண்டுகள், பின்னணி இசை, தலைப்பு, ஒலியைக் கூட்டிக் குறைப்பது என்றால் டைம்லைன் உள்ள எடிட்டர் வேண்டும். மேக்கில் ஐமூவி இருக்கிறது, அதிலேயே தொடங்கலாம். விண்டோஸ் 11இல் கிளிப்சேம்ப் கூடவே வருகிறது. மைக்ரோசாஃப்ட் 2021இல் வாங்கிய இது 1080பி வரை வாட்டர்மார்க் இல்லாமல் தருகிறது. பிறந்தநாள் வாழ்த்துப் படத்துக்குப் போதும். ஆனால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைய வேண்டும், நடுநடுவே கட்டண வசதிகள் கண்ணில் படும்.

ஒன்றைக் கற்று அதிலேயே வளர நினைப்பவருக்கு என் முதல் தேர்வு ஷாட்கட். கணக்கு, விளம்பரம், வாட்டர்மார்க் எதுவும் கிடையாது. போன் வீடியோக்களில் ஃபிரேம் வேகம் நிலையாக இருக்காது. அதனால் எடிட் செய்யும்போது உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று விலகும். இப்படிப்பட்ட ஃபைலைத் திறந்ததுமே ஷாட்கட் எச்சரித்து, எடிட்டிங்குக்கு ஏற்றபடி மாற்றித் தரட்டுமா என்று கேட்கும். கனமான 4கே காட்சிகளுக்கு பிராக்ஸி வசதி இருக்கிறது: சிறிய நகலை வைத்து எடிட் செய்யலாம், இறுதிப் படம் மூலத்திலிருந்து உருவாகும். குறை என்றால் அதன் திரை அமைப்பு முதலில் புரிபடாது. வெட்டு தவிர மற்றவற்றில் பெரும்பாலானவை ஃபில்டர் என்ற ஒரே கதவு வழியாகத்தான்.

கேடென்லைவ் இன்னும் வசதி மிகுந்தது. டிராக்குகளைக் கையாள்வதும் தலைப்பு உருவாக்குவதும் ஷாட்கட்டைவிட நன்றாக இருக்கும். லினக்ஸ்காரர்கள் யோசிக்காமல் எடுக்கலாம். ஓப்பன்ஷாட் மூன்றிலும் எளிமையானது. பத்து வயதுப் பிள்ளையும் பிடித்துக்கொள்ளும், நீளமான படத்தில்தான் தடுமாறும்.

டாவின்சி ரிசால்வ் தனி உலகம். ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் 2009இல் டாவின்சி நிறுவனத்தை வாங்கி வளர்த்தெடுத்தது. இலவசப் பதிப்பே 4கே அளவில், நொடிக்கு 60 ஃபிரேம் வரை தரும். நிறத்தைச் சீராக்குவதில் இங்கே சொன்ன எதுவும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. குறும்படம் எடுப்பவர், இதைத் தொழிலாக்க நினைப்பவர் இதைத்தான் கற்க வேண்டும். 16 ஜிபி ராமும் தனி கிராபிக்ஸ் கார்டும் இல்லாமல் இறங்க வேண்டாம்.

தமிழில் தலைப்பு போடுபவர்கள் எந்த எடிட்டரையும் முடிவு செய்யும் முன் 'கொடி', 'பௌர்ணமி', 'ஸ்ரீ' என்று தட்டிப் பாருங்கள். கொம்பும் காலும் எழுத்தின் இரு பக்கமும் சரியாக உட்கார்ந்தால் பிழைத்தோம். சில மென்பொருள்களில் கொம்பு இடம் மாறி நிற்கும். ஸ்டுடியோக்காரர்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை இன்னும் விடாததற்கு இதுவும் ஒரு காரணம்: அவற்றில் ஒவ்வொரு வடிவமும் தனி விசை என்பதால் எங்கும் உடையாது. உங்கள் எடிட்டரில் யூனிகோட் உடைந்தால் தலைப்பை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகச் சேமித்து டைம்லைனில் வைத்துவிடுங்கள்.

இன்னொன்று. எடிட்டரில் 'சேவ்' செய்வது வீடியோவைச் சேமிப்பதாகாது. புராஜெக்ட் ஃபைலில் இருப்பது எந்தத் துண்டு எங்கே என்ற குறிப்பு மட்டும். இடம் காலியாகட்டும் என்று மூல கிளிப்புகளை அழித்தால் புராஜெக்ட் வெறும் கூடு. எக்ஸ்போர்ட் முடித்து, படத்தைக் கடைசிவரை பார்த்த பிறகே அழிக்கலாம்.

பென் டிரைவில் போட்டு டிவியில் பார்க்க நினைத்தால் அது ஃபேட்32 முறையில் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலை ஏற்ற முடியாது. மூன்று மணி நேரப் படம் அதற்குள் அடங்க வேண்டுமென்றால் படமும் ஒலியும் சேர்த்து நொடிக்கு 3 மெகாபிட் அளவில்தான் வைக்க முடியும். டிவி எக்ஸ்ஃபேட் முறையைப் படிக்குமானால் பென் டிரைவை அப்படி ஃபார்மட் செய்வது மேல். வாட்ஸ்அப்பில் அனுப்புபவர்கள் கேலரி வழியாக அனுப்பினால் அது தன் பங்குக்கு இன்னொரு முறை சுருக்கிவிடும். 'டாக்குமென்ட்' என்று இணைத்தால் 2 ஜிபி வரை நீங்கள் எக்ஸ்போர்ட் செய்தது அப்படியே போய்ச் சேரும்.